குன்னூர் எலிகளும் நம் சோற்றுத் தட்டும்

(ஆலந்தலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் உண்ணும் உணவுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு, அதில் குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு உள்ள பங்கு, இவைதாம் இன்றைய பேச்சுக்குப் பொருள். இதைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி விலங்குகளிடமிருந்து, குறிப்பாக எலிகளிடமிருந்தும் சுண்டெலிகளிடமிருந்தும் கிடைத்தது. கடற்கரை ஊருக்கு வந்து எலியைப் பற்றிப் பேசுவானேன் என்று தோன்றலாம். காரணம் உண்டு. நம் கரையில் விடியற்காலையில் ஏலம் போகும் மீன் பெட்டியில் ஏறி, ஐஸ் போர்த்தி, லாரியில் வெளியூர் போகிறது. அதைப் பிடித்து வந்தவர் தேநீரும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வலையைச் சரிபார்க்க உட்கார்கிறார். இரவில் பிள்ளைகளுக்குப் பரோட்டாப் பொட்டலம் வருகிறது. ஒரு தலைமுறைக்குள் நம் தட்டு இப்படி மாறிவிட்டது. இதே மாற்றத்தை எலிகளுக்குச் செய்து பார்த்த ஆய்வுக்கூடம் ஒன்று நம் மாநிலத்திலேயே, நீலகிரியில் இருந்தது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

ராபர்ட் மெக்காரிசன் வட அயர்லாந்தில் 1878இல் பிறந்தவர். 1901இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். வடமேற்கு எல்லையில் கில்கிட் பகுதியில் தொண்டைக் கழலையை ஆராய்ந்துவிட்டுக் குன்னூருக்கு வந்தார். பாஸ்டர் நிறுவன வளாகத்தில் சிறிய அளவில் தொடங்கிய அவருடைய ஊட்டக்குறை ஆய்வு, ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக்கு வேர் அதுதான்.

1920களின் பிற்பகுதியில் அவர் ஒரு வேலை செய்தார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே சமைத்து, ஒரே வயதும் ஒரே எடையும் கொண்ட வெள்ளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் உணவு: முழுக்கோதுமை ரொட்டி, வெண்ணெய், பால், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, வாரத்துக்கு ஒருமுறை எலும்போடு இறைச்சி. இன்னொரு கூட்டத்துக்குப் பட்டாணியர் உணவு. மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் என்று வரிசை நீண்டது. கடைசியில் மதராஸ் உணவு: தீட்டிக் கழுவிய அரிசிச் சோறு, பருப்பு, காய்கறி, புளி, கொஞ்சம் மோர், கொஞ்சம் தேங்காய், காப்பி. சோதனை முடிந்தபோது சீக்கிய உணவு தின்ற எலியின் சராசரி எடை 235 கிராம். மதராஸ் உணவு தின்ற எலி 155 கிராம். வரிசையில் கடைசி நாம்தான்.

எடையை விட இன்று நமக்கு முக்கியம் அவர் செய்த இன்னொரு சோதனை. இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் உண்பதை எலிகளுக்குக் கொடுத்தார்: வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட தேநீரோடு சிறிது பால், வேகவைத்த முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும், டப்பா இறைச்சி, மலிவான ஜாம். பக்கத்துக் கூண்டில் சீக்கிய உணவுக் கூட்டம். 187 நாள் நடந்தது. வெள்ளை ரொட்டி தின்ற எலிகள் வளரவில்லை, உரோமம் சிலிர்த்து நின்றது. அவற்றின் போக்கையும் மெக்காரிசன் கவனித்து எழுதினார். அவை பதற்றமாக இருந்தன, தீனி வைக்க வந்தவர்களைக் கடித்தன, தங்களுக்குள் இணக்கமாக வாழவில்லை. அறுபதாம் நாள் அளவில் வலுவிழந்த எலிகளை மற்றவை கொன்று தின்னத் தொடங்கின. பக்கத்துக் கூண்டில் அப்படி எதுவும் இல்லை. அதே கூடம், அதே தட்பவெப்பம், அதே பணியாளர்கள். வேறுபட்டது தீனி மட்டும்.

உணவு மாறினால் உடல் மாறும் என்று எல்லாருக்கும் தெரியும். குணமும் மாறுகிறது என்று ஒரு மருத்துவர் நம் மலையில் உட்கார்ந்து பதிவு செய்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. நம் பாடப்புத்தகங்களில் இது ஒரு வரியாகவாவது வர வேண்டும் என்பது என் விருப்பம்.

குடலையும் அவர் விடவில்லை. எலிகளுக்கு முன்பே குரங்குகளுக்கு, அழுத்தத்தில் வேகவைத்துச் சத்தழித்த அரிசியைக் கொடுத்துப் பார்த்திருந்தார். குரங்குகளுக்கு வயிற்றுக்கடுப்பு வந்தது, குடற்சுவர் மெலிந்து புண்ணானது. குறையுள்ள உணவு முதலில் தாக்குவது குடலைத்தான், குடற்சுவர் தளர்ந்தால் கிருமிகள் அதற்குள் ஊடுருவ வழி கிடைத்துவிடுகிறது என்பது அவர் முடிவு. குடலில் எந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது, எது எதைச் சுரக்கிறது என்று பார்க்கும் கருவி அன்று இல்லை. அதனால் தீனியிலிருந்து குணத்துக்குப் போகும் பாதையின் நடுப்பகுதி அவருக்கு இருட்டாகவே இருந்தது. வெள்ளை ரொட்டி எலிகள் கடித்ததற்கு வைட்டமின் குறை காரணமா, புரதக் குறை காரணமா, குடல் காரணமா என்று அந்தச் சோதனையை வைத்துப் பிரிக்கவும் முடியாது.

அந்த நடுப்பகுதியில் வெளிச்சம் விழ 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் சுடோவும் அவருடைய குழுவினரும் கிருமியே இல்லாத சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார்கள். கிருமியில்லாச் சுண்டெலி என்பது எளிதில் கிடைப்பதன்று. அறுவை செய்து குட்டியை எடுத்து, கிருமி நீக்கிய காற்றும் தீனியும் நீரும் மட்டுமே போகும் மூடிய கூண்டில் தலைமுறை தலைமுறையாக வளர்க்க வேண்டும். அப்படி வளர்ந்த சுண்டெலியைக் குறுகிய குழாய்க்குள் அடைத்து வைத்தார்கள். எந்தச் சுண்டெலிக்கும் அது அச்சம் தரும். சாதாரணச் சுண்டெலியின் இரத்தத்திலும் அப்போது அழுத்த ஹார்மோன் ஏறும். கிருமியில்லாச் சுண்டெலியில் அது அளவு மீறி ஏறியது. அதன் குடலுக்குள் பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் என்ற பாக்டீரியாவைச் செலுத்தியபோது அந்த மிகை அடங்கியது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் குடலில் குடியேறும் இனம் அது. சாதாரணச் சுண்டெலியின் மலக் கிருமிகளைக் கொடுத்தபோது, இளம் வயதில் கொடுத்தால் ஓரளவு பலன் இருந்தது, வளர்ந்தபின் கொடுத்தால் இல்லை. அச்சத்தைத் தாங்கும் திறன் மூளையில் உருவாகும்போது குடலில் உள்ள உயிர்களும் உடனிருக்க வேண்டும் என்பது அன்று வெளிப்பட்டது.

இனி உணவும் வளர்சிதைமாற்றமும் இதில் வந்து சேரும் இடம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஜாஸ்லின் நீரிழிவு மையம் இருக்கிறது. அங்கே ரொனால்ட் கான் என்ற மருத்துவ அறிஞர் இன்சுலினைப் பல பத்தாண்டுகளாக ஆராய்பவர். இன்சுலின் என்றால் நமக்குச் சர்க்கரை நோய்தான் நினைவுக்கு வரும். ஆனால் மூளை செல்களிலும் இன்சுலினை ஏற்கும் வாயில்கள் உண்டு. அந்த வாயில்களை மூளையில் மட்டும் நீக்கிய சுண்டெலிகளை அவருடைய குழு உருவாக்கியது. வயது ஏற ஏற அவை பதற்றத்தையும் சோர்வையும் காட்டின. 2015இல் வெளியான அந்த ஆய்வு காரணத்தையும் சொன்னது: மூளையில் இன்சுலின் வேலை செய்யாதபோது டோபமைனைச் சிதைக்கும் நொதி கூடிவிடுகிறது, மகிழ்ச்சிக்கும் ஊக்கத்துக்கும் தேவையான டோபமைன் சீக்கிரமே கரைந்துபோகிறது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்து கொடுத்ததும் சுண்டெலிகள் தேறின. மனச்சோர்வுக்கென்று முதன்முதலாகக் கிடைத்த மருந்துகளில் ஒன்று இதே நொதியைத் தடுப்பது. 1952இல் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியசிட் கொடுத்தபோது அவர்கள் முகம் தெளிந்ததைக் கண்டுதான் அது பிடிபட்டது.

மூன்றாண்டு கழித்து, 2018இல், அதே மையத்தின் அடுத்த ஆய்வு வந்தது. இந்தப் பேச்சின் நடுப்பொருள் அதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். சுண்டெலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தார்கள். அவை பருத்தன, சர்க்கரை ஏறியது. ஒரு பக்கம் இருட்டும் ஒரு பக்கம் வெளிச்சமுமாக இருக்கும் பெட்டியில் விட்டால், அச்சமில்லாத சுண்டெலி வெளிச்சப் பக்கமும் போய்வரும். இவை இருட்டிலேயே ஒதுங்கின. சோர்வைக் காட்டும் மற்றச் சோதனைகளிலும் பின்தங்கின. மூளையில் அச்சத்தோடும் ஊக்கத்தோடும் தொடர்புள்ள இரண்டு பகுதிகளில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. பிறகு அதே கொழுப்புத் தீனியைத் தொடர்ந்துகொண்டே, குடல் பாக்டீரியாக்களை மாற்றும் ஆன்டிபயாட்டிக்கை வாய்வழியாகக் கொடுத்தார்கள். தீனி மாறவில்லை. ஆனால் மூளையில் இன்சுலின் வேலை சீரானது, அச்சமும் சோர்வும் குறைந்தன.

இதோடு நிறுத்தியிருந்தால், மருந்து நேராக மூளையில் வேலை செய்திருக்கலாமே என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கும் பதில் தேடினார்கள். கொழுப்புத் தீனி தின்ற சுண்டெலியின் குடல் பாக்டீரியாக்களை எடுத்துக் கிருமியில்லாச் சுண்டெலிக்குச் செலுத்தினார்கள். அதற்கும் அச்சப் போக்கு வந்தது. கொழுப்புத் தீனியோடு ஆன்டிபயாட்டிக்கும் பெற்ற சுண்டெலியிடமிருந்து எடுத்துச் செலுத்தியபோது வரவில்லை. ஓர் உயிரின் மனநிலை, குடல் உயிர்களின் வழியாக இன்னோர் உயிருக்குக் கைமாறியது. குன்னூரில் இருட்டாக இருந்த பாதையின் நடுப்பகுதி இதுதான்.

இந்த இடத்தில் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சோதனையில் பயன்பட்ட மெட்ரோனிடசோல் நம் மருந்துக்கடைகளில் வயிற்றுப்போக்குக்கு வாங்கித் தின்னும் மாத்திரைதான். மனசு சரியில்லை என்று யாரும் அதை வாங்கிப் போட்டுவிடக் கூடாது. அந்தச் சோதனை காட்டியது காரணத்தைத்தான், மருத்துவத்தை அன்று. தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் தின்பது குடலின் நல்ல உயிர்களையும் சேர்த்து அழிக்கும்.

குடலிலிருந்து செய்தி மூளைக்குப் போகும் வழிகள் பல. ஒன்று வேகஸ் நரம்பு. அயர்லாந்தின் கார்க் நகரில் கிரையன், டினன் ஆகியோரின் குழு 2011இல் சுண்டெலிகளுக்கு லாக்டோபாசில்லஸ் வகைப் பாக்டீரியா ஒன்றைக் கொடுத்தது. அச்சம் குறைந்தது. வேகஸ் நரம்பை வெட்டிவிட்டுக் கொடுத்தபோது பலனே இல்லை. இன்னொரு வழி, நார்ச்சத்தைப் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து உண்டாக்கும் சிறு கொழுப்பு அமிலங்கள். இவை குடற்சுவரைக் காத்து அழற்சியை அடக்குகின்றன. உடலின் செரட்டோனினில் பெரும்பகுதி குடலில்தான் உண்டாகிறது என்பதும் உண்மை, அதைப் பாக்டீரியாக்கள் தூண்டுகின்றன என்று 2015இல் கலிஃபோர்னியாவில் எலேன் சியாவோ குழு காட்டியதும் உண்மை. ஆனால் அந்தச் செரட்டோனின் மூளைக்குள் நேராக நுழையாது. வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் இதைச் சொல்வதில்லை.

சுண்டெலிக்கு மனச்சோர்வு வருமா என்பதே இதில் பெரிய கேள்வி. தன்னால் குடும்பத்துக்குப் பாரம் என்று அது நினைக்குமா? கடன்காரன் வாசலில் நிற்பது அதற்குத் தெரியுமா? ஆய்வாளர்கள் அளப்பது போக்கை மட்டுமே. தண்ணீர்ப் பாத்திரத்தில் விட்டால் எவ்வளவு நேரம் நீந்துகிறது, எப்போது கைவிட்டு மிதக்கிறது என்று அளப்பது 1977இல் போர்சோல்ட் வகுத்த சோதனை. மிதப்பது நம்பிக்கை இழந்ததால்தானா, வலுவைச் சேமிக்கக் கற்றுக்கொண்டதாலா என்று இன்றும் வாதம் நடக்கிறது. கடலில் தவறி விழுந்தவன் ஓயாமல் கையடிப்பதைவிட மிதப்பதே பிழைக்கும் வழி என்று இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். எனக்கு அந்தச் சோதனைமேல் பெரிய நம்பிக்கை இல்லை. பல சோதனைகள் ஒரே திசையைக் காட்டும்போதுதான் ஏற்கிறேன்.

சுண்டெலியில் பலித்தது மனிதரில் பலிக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கார்க் நகரில் சுண்டெலியின் அச்சத்தைக் குறைத்த அதே பாக்டீரியாவை அதே நகரத்து ஆய்வாளர்கள் நலமுள்ள ஆண்கள் 29 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் மாத்திரையைவிட அது எந்த வகையிலும் மேலாக இல்லை. 2017இல் அந்த முடிவை மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். புட்டியில் அடைத்த பாக்டீரியாவை மனநலத்துக்கென்று விலை சொல்லி விற்பவர்கள் இந்த முடிவைச் சொல்லமாட்டார்கள்.

மனிதரிடம் உணவை மாற்றிப் பார்த்த ஆய்வும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழு மனச்சோர்வு உள்ள 67 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு 12 வாரம் உணவு ஆலோசனை: காய், கனி, பருப்பு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் கூடுதலாக, இனிப்பும் மாவுப் பண்டமும் குறைவாக. மற்றப் பாதிக்குப் பேச்சுத்துணை. முதல் பாதியில் நோய் நீங்கியவர் 32 விழுக்காடு, மற்றதில் 8. ஆய்வு சிறியது. பலரும் முன்பே பெற்று வந்த மருந்தையும் ஆலோசனையையும் நிறுத்தவில்லை. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். குடல் பாக்டீரியா ஆய்வில் தமிழ்நாட்டுக்கு முன்வரிசை இடம் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980இல் நேச்சர் இதழில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். நலமுள்ள தென்னிந்தியரின் சிறுகுடலில் வாழும் பாக்டீரியாக்கள் வைட்டமின் பி12ஐத் தயாரிக்கின்றன என்பது அது. பி12 குறைந்தால் நரம்பும் நினைவும் மனநிலையும் கெடும். 2000இல் அதே கல்லூரியின் ராமகிருஷ்ணா குழு காலரா நோயாளிகளுக்கு உப்பு சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத ஒரு வகை மாவைக் கலந்து கொடுத்தது. அந்த மாவைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து சிறு கொழுப்பு அமிலங்களாக்கும். அவை உப்பையும் நீரையும் உடலுக்குள் இழுக்கும். வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது.

செரிக்காத மாவு வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். சோறு ஆறும்போது அதில் உள்ள மாவின் ஒரு பகுதி இறுகி இந்த வகையாக மாறுகிறது. இரவில் நீர் ஊற்றி வைத்தால் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோற்றை முறையாக ஆராயத் தொடங்கியது இதனால்தான். பழைய சோறு மனச்சோர்வைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதற்கு ஆய்வு இல்லை. சர்க்கரை நோயாளிக்கு அதுவும் சோறுதான், அளவு வேண்டும். குடலின் நல்ல உயிர்களுக்குத் தீனி போடும் உணவு அது என்று சொல்லலாம். தேரிக்காட்டுப் பனங்கிழங்கும் முருங்கைக்கீரையும் பயறும் கேழ்வரகுக் கூழும் நார்ச்சத்து தருபவைதாம்.

மீனைப் பற்றி இந்த ஊரில் நான் சொல்லித்தர ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. மூளைக்கு வேண்டிய ஒமேகா 3 கொழுப்பு மிகுந்திருப்பது ஏற்றுமதிக்குப் போகும் விலை உயர்ந்த இறாலில் இல்லை, சாளையிலும் அயிலையிலும் நெத்திலியிலும்தான். பிரான்சின் போர்தோ நகரில் ஒமேகா 3 குறைந்த தீனியில் வளர்ந்த சுண்டெலிகளின் மூளையில், மனநிலையோடு தொடர்புள்ள நரம்பு இணைப்புகள் தடுமாறின என்று 2011இல் கண்டார்கள். மலிவான மீன் என்று சாளையைக் கோழித்தீனிக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைக்குப் பொரித்த பரோட்டா வாங்கிக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்? பரோட்டாவே கூடாது என்று சொல்லவில்லை. தூத்துக்குடிக்காரரிடம் அதைச் சொல்லிப் பயனும் இல்லை. இரவுதோறும் அதுவே உணவாகிவிடக் கூடாது என்கிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. அதே நீரிழிவு நிறுவனத்தார் சென்னையில் 25,000 பேருக்கு மேல் விசாரித்ததில் 15 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறி இருந்தது. நீரிழிவும் மனச்சோர்வும் ஒரே ஆளிடம் கூடிவருவது உலகெங்கும் கண்டது. ஒன்றுக்கு மருத்துவம் பார்க்கும்போது மற்றதையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று நம் ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவர்களையும் செவிலியரையும் வேண்டுகிறேன்.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கரையின் துயரம் எல்லாம் தட்டிலிருந்து வந்ததன்று. ஒக்கி புயலில் ஆளைப் பறிகொடுத்த கரை இது. மீன்பாடு இல்லாத மாதங்கள், வட்டிக்கு வாங்கிய படகு, டீசல் விலை, குடி, கணவர் கடலில் இருக்கும் இரவுகளில் தனியே விழித்திருக்கும் பெண்கள், இவற்றுக்குச் சாளைக்குழம்பு மருந்தாகாது. மனச்சோர்வுற்றவரிடம் போய் நீ சரியாகச் சாப்பிடவில்லை, அதனால்தான் இப்படி என்று குற்றம் சுமத்த இந்த ஆய்வுகளை யாரும் பயன்படுத்தக் கூடாது. விலங்காய்வு சொல்லித்தந்தது நேர்மாறானது: மனச்சோர்வு கோழைத்தனம் அன்று, சோம்பல் அன்று, விசுவாசக் குறைவும் அன்று. குடலிலும் இரத்தத்திலும் மூளையிலும் வேரோடிய உடல்நோய் அது. சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வெட்கப்படாத நாம் இதற்கும் வெட்கப்பட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், பேச்சு குறைந்து இருந்தால் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரைப் பாருங்கள். போக முடியாவிட்டால் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண்ணை இன்றே ஏலக்கூடத்துச் சுவரிலும் பள்ளியிலும் எழுதி வைக்குமாறு ஊர் நிர்வாகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.